மட்கார்டு மாற்றப் போனவர்

பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேட் பெட்டியின் அடிவரைக்கும் கைவிட்டுப் பார்க்கும் கமிஷன்காரர் கிருஷ்ணப்பன் ஒருவர்தான். மற்றவர்கள் மேலே நாலு பழத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஏலம் கூறிவிடுவார்கள். இவர் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, முழுக் கையையும் உள்ளே விட்டு, அடியில் கிடக்கும் பழத்தை உருவி எடுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். கொண்டுவந்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அதே கதிதான். பெரும்பாலும் அடிப்பழமும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காக மனிதர் சமாதானம் ஆகிவிடுவாரா? “இன்னிக்கு உஷாரா அடுக்கிட்டு வந்திருக்கான்” என்பார். பிறவிக் குணம், என்ன செய்வது.

தக்காளியோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மகள் யுவராணிக்கு வந்த வரன்களிலும் அவர் அப்படியே கையை விட்டார். ராயக்கோட்டைப் பையனை அந்த ஊரே நல்லவன் என்றது. “எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா எவனோ சொல்லிக்கொடுத்து வெச்சிருக்கான்” என்று அதைத் தட்டிவிட்டார். அரூர் வாத்தியாரைப் பற்றி விசாரித்தபோது டீக்கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தாராம். அதனால் அதுவும் போயிற்று. இன்னொரு பையன் பெண் பார்க்க வந்த அன்று புதுச் செருப்பு போட்டிருந்தான். பழைய செருப்பு என்ன ஆயிற்று, எதை மறைக்கிறான் என்று இரவெல்லாம் புரண்டு படுத்தார். இப்படியே பெண்ணுக்கு முப்பது நெருங்கிவிட்டது.

பிறகுதான் பென்னாகரம் வரன் வந்தது. கிருஷ்ணப்பனின் மனைவி செல்லம்மாளுக்கு ஒன்றுவிட்ட அக்கா குள்ளம்மாள் கொண்டுவந்த சம்பந்தம். பையன் பெயர் கதிரவன். ஒகேனக்கல் ரோட்டில் சொந்த ஷெட் போட்டு கார், வேனுக்கெல்லாம் ஃபைபர் பாகங்கள் செய்து மாட்டுகிறான். அப்பா, அம்மா இல்லை, தாய்மாமன் வளர்த்த பிள்ளை. தர்மபுரியில் ஒரு கல்யாணத்தில் பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தாகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது. யுவராணியும் அவனும் போனில் பேசிக்கொள்கிறார்கள். ஓசூர் கம்பெனியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த யுவராணி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, இதான் கடைசி. உங்களுக்குப் புடிக்கலைன்னா ஒரு நியாயமான காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன். சும்மா தோண்டித் தோண்டிக் கெடுத்தீங்கன்னா, இன்னொருத்தன் முன்னாடி நான் காபி தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். எனக்குக் கல்யாணமே வேணாம்.”

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் கிருஷ்ணப்பனைப் பயமுறுத்தியது. சத்தம் போட்டால் கோபம், ஆறிவிடும். இது முடிவு.

சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானே? முடியவில்லையே! சரி சொல்லிவிட்டு நாளைக்கு ஏதாவது வெளியே வந்தால்? வழக்கம் போல டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் விசாரிப்பதில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சரக்கைக் கிடங்கிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். அதற்குத் தோதாக வீட்டில் வெள்ளை அம்பாசடர் நின்றது. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளை நம்பாமல் அவர் வைத்துக்கொண்டிருக்கிற பழைய வண்டி. முன்பக்கத்து மட்கார்டு இரண்டும் துருப்பிடித்து, விரலால் குத்தினால் உள்ளே போகும். இரும்பு மட்கார்டு இப்போது எங்கே கிடைக்கிறது, ஃபைபரில்தான் போட்டாக வேண்டும். ஆக வண்டிக்கும் வேலை ஆயிற்று, வரனையும் பார்த்தாயிற்று. மண்டிக்குப் போவதாகச் செல்லம்மாளிடம் சொல்லிவிட்டு, வண்டியைப் பென்னாகரத்துக்கு விட்டார்.

ஷெட் ஊரைத் தாண்டி ரோட்டோரமாக இருந்தது. தகரக் கூரை, உள்ளே ரெசின் நெடி, ஒரு மூலையில் அடிப்பாகத்துக்கு ஃபைபர் பூசுவதற்காகக் கவிழ்த்துப் போட்ட பரிசல். சட்டையெல்லாம் பட்டிப் பூச்சு அப்பிய ஒரு வாட்டசாட்டமான ஆள் எழுந்து வந்தான். செல்லம்மாள் போனில் காட்டிய அதே முகம்.

“வாங்க சார். என்னா வேலைங்க?”

“கோவிந்தன்னு பேரு. காரிமங்கலம் பக்கம்” என்றார் கிருஷ்ணப்பன், கேட்காத கேள்விக்கு.

கதிரவன் வண்டியைச் சுற்றி வந்தான். மட்கார்டை விரல் முட்டியால் தட்டிக் கேட்டான். “இதுல இரும்பே இல்லீங்க சார். பெயிண்ட்டும் பட்டியும் ஒண்ணையொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டையும் எடுத்துட்டு ஃபைபர்ல போட்டுரலாம். அச்சு இருக்குது, சாமானும் தயாராக் கெடக்குது.”

“கதவு?”

“கதவு நல்லா கீதுங்க. அதை எதுக்குத் தொடணும்?”

வந்த வேலையை வேண்டாம் என்கிறானே! கிருஷ்ணப்பனுக்கு முதல் பொறி தட்டியது. ஒன்று, சோம்பேறியாக இருக்க வேண்டும். இல்லையென்றால், நல்லவன் மாதிரி நடித்துப் பெரிய வேலையாகப் பிடிக்கப் பார்க்கிறான். இரண்டில் எது என்று போகப் போகத் தெரியும்.

“வண்டிய வுட்டுட்டுப் போங்க சார். ஆனதும் போன் பண்றேன்.”

“வேணாம். நான் இருந்து பாக்கறேன்.”

இது ஒன்றும் ஊரில் நடக்காததல்ல. பட்டறையில் வண்டியை விட்டால் கூடவே உட்கார்ந்து பார்ப்பவர்கள்தான் பாதிப் பேர். கதிரவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டான். கிருஷ்ணப்பன் அதை இழுத்து, ஷெட்டின் நாலு மூலையும் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டார். பேட்டரியை மாற்றிவிடுவார்கள் என்று வீட்டிலேயே அதில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்.

ஷெட்டில் இன்னொரு ஆளும் இருந்தார். அறுபது வயதிருக்கும், ஒல்லி, கண்ணில் தடித்த கண்ணாடி. அவரைக் கதிரவன் “மாமா” என்று கூப்பிட்டதும் கிருஷ்ணப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓகோ, வளர்த்த தாய்மாமன் இவர்தானா! பெயர் மாயவன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. உடனே அடுத்த சந்தேகம் முளைத்தது. வளர்த்தவர் ஏன் மருமகனுக்குக் கீழே அழுக்கு வேட்டியோடு வேலை செய்ய வேண்டும்? ஷெட் யாருடையது? இவன் அவர் சொத்தைப் பிடுங்கிக்கொண்டானா, இல்லை, அவர் இவன் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? உட்கார்ந்தெல்லாம் சாப்பிடவில்லை, காலையிலிருந்து மாயவன்தான் வண்டிக்கு அடியில் படுத்துத் துருப்பிடித்த போல்ட்டுகளில் டீசல் ஊற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆனால் முதலாளி இருக்கும்போது எவன்தான் வேலை செய்யமாட்டான்?

மதியத்துக்கு முன்னால் கதிரவனுக்குப் போன் வந்தது. பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பரிசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று மெதுவாகப் பேசினான். அகப்பட்டுக்கொண்டான் பயல்! வேறு எவளோ இருக்கிறாள்! கிருஷ்ணப்பன் ஒன்றுக்குப் போகிறவர் மாதிரி எழுந்து, பரிசலுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நின்று காதைக் கொடுத்தார்.

“சாப்டீங்களா? … இல்லீங்க, ஒரு அம்பாசடர் வந்திருக்குது… உங்கப்பா எப்பத்தாங்க விசாரிக்க வருவாரு? மாமா தெனம் கேக்கறாரு. நல்ல சட்டை ஒண்ணு ஷெட்லயே மாட்டி வெச்சிருக்கறேன், எப்ப வந்தாலும் போட்டுக்கலாம்னு.”

அட கண்றாவியே, பேசுவது சொந்த மகளோடுதான். கிருஷ்ணப்பன் சத்தமில்லாமல் நாற்காலிக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் மனம் லேசாகத்தான் இருந்தது. பிறகு, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எதற்கு இத்தனை ‘ங்க’ என்று ஒரு நினைப்பு வந்தது. ரொம்ப மரியாதை கொடுப்பவனை எப்படி நம்புவது?

வண்டியை அங்கேயே விட்டு, ரிப்பேருக்கு நிற்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டாம் நாளும் பஸ்ஸில் வந்தார். ஃபைபர் மட்கார்டின் ஓரத்தை மெஷினில் அறுத்துத் தேய்த்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, “சார், தள்ளிப் போய் உக்காருங்க, தூசி ஒட்டினா அரிக்கும்” என்றான் கதிரவன். தள்ளிப் போகச் சொல்கிறான் என்றால் பக்கத்தில் ஏதோ நடக்கப் போகிறது என்றுதானே அர்த்தம்? கிருஷ்ணப்பன் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டார். அன்று இரவு வீட்டில் கழுத்தையும் கையையும் சொறிந்து சொறிந்து தோலே சிவந்துவிட்டது. “தக்காளிக்கு மருந்து ஜாஸ்தியா அடிக்கறானுங்க” என்று செல்லம்மாளிடம் புளுகினார். அவள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் மாட்டும் வேலை. துருவைச் சுரண்டி பிரைமர் அடித்திருந்த சட்டத்தில் மட்கார்டை வைப்பதும், கதவுக்கும் பேனட்டுக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், எடுத்துத் தேய்ப்பதும், மறுபடி வைப்பதுமாகக் காலை முழுக்கப் போயிற்று. ஒரு வழியாகப் பொருந்தியதும் ஓட்டை போட்டு போல்ட்டுகளை மாயவன் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர், அதன்மேல் அகலமான இரும்பு வாஷர், அதன்மேல் நட்டு. நட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரை வைத்து மெதுவாகக் கால் சுற்று சுற்றினார். அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போய்விட்டார்.

கிருஷ்ணப்பனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இதற்காகத்தானே மூன்று நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்! கால் சுற்றில் ஒரு நட்டு நிற்குமா? நாலு தடவை மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கழன்று தொங்காதா? தொங்கட்டும் என்றுதான் விடுகிறார்கள். தொங்கினால் மறுபடி இவர்களிடம்தானே வர வேண்டும். ஆக, அடிப்பழம் அழுகல்தான். ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்தான் யாரையும் எதையும் கேட்கமாட்டாரே. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம்.

இரண்டு பேரும் எதிரில் இருந்த மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். “வாங்க சார், ஒரு வாய் சாப்ட்டு வரலாம்” என்று மாயவன் கூப்பிட்டார். பசியில்லை என்று சொல்லிவிட்டார். ஷெட் காலியானதும் டிக்கியைத் திறந்து தன்னுடைய ஸ்பேனரை எடுத்தார். வலது பக்க மட்கார்டின் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, இரும்பு மட்கார்டை எப்படி இறுக்குவாரோ அப்படி, முழங்கை நடுங்க இறுக்கினார். ஒரு நட்டில் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று திருப்தியாக அடுத்ததுக்குப் போனார். அப்புறம் இடது பக்கம். ஸ்பேனரை டிக்கியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து சாய்ந்தபோது, இப்படி ஒரு ஏமாற்றைக் கையும் களவுமாகப் பிடித்ததில் மகளிடம் சொல்ல நியாயமான காரணம் கிடைத்துவிட்டது என்று மனம் கணக்குப் போட்டது. கூடவே, அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த கதிரவன் ஹெட்லைட்டுக்கு எர்த் ஒயர் இழுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“மாமா, இங்க வா.”

போல்ட் இருந்த இடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன. ஒன்று ஓரம் வரைக்கும் போய்விட்டிருந்தது. இரண்டு பக்கமும் அதே கதி. கதிரவன் நட்டில் ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். அசையவில்லை.

“என்னா மாமா இது? இவ்ளோ முறுக்கிருக்கற? இது என்னா இரும்பா? ஃபைபர் வெடிக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான?”

“நான் கையாலதான் வெச்சேன் கதிரு. கால் சுத்துக்கு மேல சுத்தல.”

“அப்ப யாரு முறுக்கினா?” கதிரவன் திரும்பினான். “சார், நாங்க இல்லாதப்ப யாராச்சும் வந்தாங்களா?”

கிருஷ்ணப்பனின் கண் டிக்கிப் பக்கம் போய் வந்தது. நான்தான் முறுக்கினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்த கேள்வி, நீங்கள் யார்? அதற்குப் பதில் சொன்னால் சாயங்காலமே யுவராணிக்குத் தெரிந்துவிடும். தோண்டிக் கெடுக்காதீர்கள் என்று சொன்னவளுக்கு, அப்பா தோண்டியது மட்டுமல்ல, உடைத்தும்விட்டார் என்று தெரியும். அப்புறம் இந்த ஜென்மத்தில் அவளுக்குக் கல்யாணமில்லை.

“யாரும் வரலையே” என்றார். பொய்யும் இல்லை பாருங்கள், யாரும் வரத்தான் இல்லை.

மாயவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரிசல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். போன மாதம்தான் தனக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்று அவரே முனகினார். போன வாரம் ஒரு வேனுக்கு ஹார்ட்னர் ஊற்ற மறந்து ரெசின் காயாமலே கிடந்ததாம். கதிரவன் அதையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை.  பிறகு கிருஷ்ணப்பனிடம் வந்தான்.

“சார், தப்பு எங்களுது. புதுசா ரெண்டு ஊத்தி மாட்டித் தர்றேன். காயறதுக்கு நாளாவும். வண்டி இங்கயே கெடக்கட்டும், நீங்க அலைய வேணாம்.”

“ஒட்டிக் குடுத்தா போதாதா?” என்று கேட்டார் கிருஷ்ணப்பன். 

“ஒட்டினா வெளிய தெரியாதுங்க. ஆனா எனக்குத் தெரியுமே.”

அப்புறம் மாயவனைத் தனியாகக் கூட்டிப் போய், “மாமா, கோச்சுக்காத. நீ இனிமே ஸ்பேனர் எடுக்க வேணாம். பட்டி மட்டும் தேச்சுக் குடு, போதும்” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மாயவன் சண்டைக்குப் போகவில்லை. “ஒருவேளை முறுக்கித்தான் இருப்பனோ என்னமோ” என்று முணுமுணுத்தபடி, இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்து ஆணியில் மாட்டினார்.

கிருஷ்ணப்பன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு இரவே, “பென்னாகரத்துப் பையனுக்குச் சரின்னு சொல்லிரலாம்” என்றார். செல்லம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போனில் கேட்ட யுவராணி அழுதேவிட்டாள். இந்தச் சம்மதம் பையனின் நேர்மையைப் பார்த்து வந்ததா, குற்றம் உறுத்தி வந்ததா என்று கேட்டால் கிருஷ்ணப்பனுக்கே பதில் தெரிந்திருக்காது. இரண்டும்தான். முதல் தடவையாக ஒரு மனிதனிடம் சந்தேகப்பட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. சந்தேகமெல்லாம் இப்போது அவர் பக்கமே திரும்பிவிட்டது. அந்தக் கிழவர் நம்மைப் பார்த்துவிட்டாரோ? அந்தப் பையனுக்கு உள்ளுக்குள் தெரியுமோ? வண்டியை எடுத்துவரத் தான் போகாமல், மண்டியில் லோடு ஓட்டும் குமாரை அனுப்பினார்.

குமார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “சூப்பரா போட்டிருக்காங்கண்ணா” என்றான். கிருஷ்ணப்பன் கையால் தொட்டும் பார்க்கவில்லை.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். எப்படியும் முகம் தெரியத்தான் போகிறது. அதற்கு அவர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். மாப்பிள்ளையை மாறுவேஷத்தில் போய் விசாரித்தேன் என்று தானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவன் செய்வதுதானே, எல்லாரும் சிரிப்பார்கள். நட்டு விஷயத்தை எதற்கு எடுக்க வேண்டும்? அவர்கள் புதிதாக மாட்டிவிட்டார்கள், வேலை முடிந்தது. நல்ல காரியத்தில் போய் யாராவது விரிசலைப் பற்றிப் பேசுவார்களா?

பென்னாகரத்திலிருந்து வேன் வந்து பந்தல் முன்னால் நின்றது. முதலில் இறங்கிய கதிரவன், கும்பிட்டபடி நின்ற கிருஷ்ணப்பனைப் பார்த்துத் திகைத்துப் போனான். “சார்… கோவிந்தன் சார்?” கிருஷ்ணப்பன் திட்டம் போட்டபடியே விஷயத்தைச் சொல்லிச் சிரித்தார். கூட்டமே கொல்லென்று சிரித்தது. “மூணு நாளா இவன் மண்டிக்கே வரலைன்னதும் அப்பவே நெனைச்சேன்” என்று ஒரு கமிஷன்காரர் எடுத்துக் கொடுத்தார். வாசற்படியில் நின்ற யுவராணி தலையில் அடித்துக்கொண்டாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கிருஷ்ணப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மாயவன் கடைசியாக இறங்கினார். புது வேட்டி, புதுத் துண்டு. ஆனால் முகம் வாடிக் கிடந்தது. இந்தக் கொஞ்ச நாளில் பத்து வயது கூடிப்போனவராகத் தெரிந்தார். கிருஷ்ணப்பனைக் கண்டதும் அவர் சிரிக்கவில்லை, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். ஜமுக்காளத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, தட்டுகளை வைத்து, மாற்றுவதற்கு நேரம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“ஒரு நிமிசங்க. தட்டு மாத்தறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். வந்தது யாருன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதுங்க. சம்பந்தி வண்டிக்குத்தான் நான் மட்கார்டு மாட்டினேன். புத்தம் புதுச் சாமான், ரெண்டையும் முறுக்கி வெடிக்க வுட்டுட்டேன். எப்ப முறுக்கினேன்னு சத்தியமா ஞாபகம் இல்லீங்க. கண்ணு போனா கண்ணாடி போட்டுக்கலாம், புத்தி போனா என்னா பண்றது? அன்னியில இருந்து ஸ்பேனரை நான் தொடறதில்ல. வூட்டுல கதவைப் பூட்டினமா, கேஸை மூடினமான்னு எழுந்து எழுந்து போய்ப் பாக்கறேன். என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்லாம போச்சு. இது நல்ல காரியம், இந்தக் கையால வேணாம். என் தம்பி வேடியப்பனும் தாய்மாமன்தான். அவன் வாங்கட்டும். சம்பந்தி என்னை மன்னிச்சுக்கணும்.”

சொல்லிவிட்டு எல்லாருக்கும் எதிரில் கிருஷ்ணப்பனைப் பார்த்துக் கும்பிட்டார்.

 கதிரவன், “மாமா, அதெல்லாம் வுடு, நீதான் வாங்கணும்” என்று அவர் கையைப் பிடித்தான். அவர் பிடியை விடுவித்துக்கொண்டு எழப் பார்த்தார். கிருஷ்ணப்பனின் மனம் மறுபடி கணக்குப் போட்டது. இப்போதும் பேசாமல் இருக்கலாம், ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. வேடியப்பன் வாங்கிக்கொண்டு போவான், கல்யாணம் நடக்கும், மகள் நன்றாக இருப்பாள். வாசற்படியில் நிற்கிறவளை ஒரு முறை பார்த்தார். எழுந்துவிட்ட மாயவனைப் பார்த்தார்.

“முறுக்கினது நான்” என்றார்.

“என்னாங்க?” என்றார் மாயவன்.

“நான்தாங்க முறுக்கினேன். நீங்க ரெண்டு பேரும் சாப்புடப் போனப்ப. லூசா வுட்டு ஏமாத்தறீங்கன்னு நெனைச்சேன். என் ஸ்பேனர வெச்சு எல்லாத்தையும் இறுக்கினேன். வெடிச்சுது. கேட்டப்ப யாரும் வரலைன்னு சொல்லிட்டேன்.” மாயவன் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஒண்ணும் ஆவலைங்க. உங்க புத்தி நல்லாத்தான் இருக்குது.”

மாயவன் நின்ற இடத்திலேயே நின்றார். “அப்ப நான் முறுக்கலை” என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. பிறகு மருமகன் பக்கம் திரும்பி, “கதிரு, நான் முறுக்கலைடா” என்றார். கதிரவன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிருஷ்ணப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், மாயவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கை இப்போது அந்த ஆளின் வாயில் இருந்தது.

மாயவன் மெதுவாக உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வேசம் போட்டு வந்ததுல எனக்கு வருத்தம் இல்லீங்க. பொண்ணைப் பெத்தவரு, பாக்கத்தான் செய்வீங்க. முறுக்கினது கூடப் பரவால்ல, தெரியாமப் பண்ணது. ஆனா நான் பொய் சொல்லலைன்னு அந்த ஷெட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. என் புள்ளயே என்னை நம்பல, நானே என்னை நம்பல. நீங்க நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

அவர் குரல் உயரவில்லை.  கிருஷ்ணப்பன் தட்டைத் தூக்கி இரண்டு கையாலும் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் சேர்ந்து அந்தத் தட்டு கனத்தது.

மாயவன் கையை நீட்டவில்லை. வாசற்படியைப் பார்த்தார். “பொண்ணு நல்ல பொண்ணு. அதுக்கு ஒரு கொறையும் வர வேணாம். தட்டை நானே வாங்கிக்கறேன்” என்றார். பிறகு கிருஷ்ணப்பனைப் பார்த்தபடி பெண்கள் பக்கம் கை காட்டினார். “உங்க கையில இருந்து வேணாங்க. தங்கச்சி வந்து குடுக்கட்டும்.”

பெண்கள் கூட்டத்திலிருந்து செல்லம்மாள் எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவன் பக்கத்தில் குனிந்து தட்டைப் பிடித்தாள். கிருஷ்ணப்பனின் விரல்கள் தட்டின் விளிம்பிலேயே இருந்தன.

“வுடுங்க” என்றாள்.

விட்டார்.